பேக்கார்ட் சீட்டில் சேறு

கார் கொட்டகைச் சாவியை இடுப்பிலேயே வைத்திருந்த என் அப்பாவுக்கு,

நம் தேயிலைத் தோட்டத்துத் துரை பங்களா இப்போது முழுக்க ஹோட்டல். துரைக்காக நீங்கள் ஓட்டிப் பார்த்துக்கொண்ட இரண்டு கார்களும் அப்படியே நிற்கின்றன. துடைத்து ஸ்டார்ட் பண்ணி வைக்கிற வேலை எனக்கு வந்தது. நமக்கு வேறென்ன வரும்?

எல்ல ஊரிலிருந்து சுற்றிப்பார்க்க வரும் வெள்ளைக்காரர்கள் எது உசத்தி என்று கேட்பார்கள். நீங்கள் சொன்னதையே சொல்வேன். கறுப்பு பேக்கார்ட் இரண்டாம் உலக யுத்தத்துக்கு முந்தியது. நிமிர்ந்து நிற்கும், ஏற்றத்தில் மூச்சு வாங்காது. வெள்ளை காடிலாக் அதற்கு இருபது வருஷம் இளையது. பின்னால் மீன்வால், உள்ளே மெத்தை, கியரைக்கூடத் தானே மாற்றிக்கொள்ளும். ஆனால் நமுனுகுல மலை வளைவுகளில் அந்த நீளம் ஒரே வீச்சில் திரும்பாது.

"அது கொழும்பு மாப்பிள்ளடா. இதுதான் நம்ம மலையில பொறந்தது" என்பீர்கள். இரண்டுமே அமெரிக்காவில் செய்தவை!

எதில் ஏறினாலும் செருப்பைக் கொட்டகை வாசலில் கழற்றிவிடுவீர்கள். சாமியறையா அது?

நெஞ்சுவலி வந்த அன்று காலையிலும் இரண்டையும் ஸ்டார்ட் பண்ணிப் பார்த்துவிட்டுத்தான் லயத்து வீட்டுக்கு வந்தீர்கள். "காரக் கேப்போங்க" என்று அம்மா அழுதாள். "வேணாம் புள்ள, சீட்டு அழுக்காயிரும்" என்றீர்கள். தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறிக்குக் காத்திருந்தோம். பதுளை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது நீங்கள் இல்லை.

கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்களா? தெரியாது. கேட்கவே வாய் வராதபடி உங்களை ஆக்கியது யார்?

போன வெள்ளிக்கிழமை கொட்டும் மழை. லயத்தில் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் செல்விக்குப் பிரசவ வலி. ஆம்புலன்ஸ் வர ஒரு மணி நேரமாகும் என்றார்கள். லொறி பழுது. ஹோட்டல் மேனேஜரிடம் ஓடிக் காரைக் கேட்டேன்.

"அது காட்சிக்கு வச்சிருக்கிற கார் தம்பி. ஆஸ்பத்திரி வண்டியில்ல."

சாவி என் இடுப்பில் இருந்தது. காடிலாக்கின் மெத்தையைப் பார்த்தேன். பிறகு நீங்கள் சொன்ன வளைவுகள் ஞாபகம் வந்தன. பேக்கார்ட்டில் ஏறினேன், சேற்றுச் செருப்போடு.

பின்சீட்டில் செல்வியின் மாமியார் பதறினாள். "ஐயோ தம்பி, சீட்டெல்லாம் நனையுதே!"

"நனையட்டும் அத்தை. நீங்க அவளப் புடிச்சுக்கங்க."

ஒரு வளைவிலும் பின்னுக்கு எடுக்க வேண்டியிருக்கவில்லை அப்பா. பதுளையில் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம்.

நாளை ஹோட்டலில் என்மேல் விசாரணை. மன்னிப்புக் கேட்டு எழுதிக் கொடுத்தால் வேலை இருக்குமாம். "எழுதிக் குடுத்துருடா" என்கிறாள் அம்மா. சீட்டைக் கழுவிக் காயவைத்துவிட்டேன். அதற்குமேல் கொடுக்க என்னிடம் ஒன்றுமில்லை. மன்னிப்புக் கடிதம் எழுத மாட்டேன். இனி எந்தக் காரிலும் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறவும் மாட்டேன். கோபித்துக்கொள்ளாதீங்கப்பா.

உங்கள் சாவியை இன்னும் ஒரு நாளாவது வைத்திருக்கும்
மூத்த மகன்