மாத்திரை போட்டியா என்று கேட்ட குரல்

என் செல்ல அப்பாவுக்கு,

செவ்வாய்க்கிழமை மத்தியானம் எங்கள் வகுப்பில் நீங்கள் பேசினீர்கள்.

நான் உளறவில்லை அப்பா. போன ஆடியில் உங்களைச் சுடுகாட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தோம். அதற்கு முந்தின நாள் "பஸ் ஏறிட்டியா கண்ணு" என்று போனில் கேட்டீர்களே, அதுதான் நான் கடைசியாகக் கேட்ட உங்கள் குரல். அதன் பிறகு இப்போதுதான் கேட்டேன். அதுவும் கோயம்புத்தூரில், ஏசி போட்ட வகுப்பறையில், திரைக்குப் பக்கத்திலிருந்த ஸ்பீக்கரில்.

மொதல்ல இருந்து சொல்லு என்பீர்கள். சொல்கிறேன்.

என்னைச் சேர்க்க வந்த நாளில் நீங்கள் சுற்றிப் பார்த்த கல்லூரி இல்லை இது. அசைன்மெண்டை ஏஐ எழுதுகிறது, அதைத் திருத்துவதும் ஏஐதான் என்று பசங்கள் சொல்கிறார்கள். நடுவில் நாங்கள் எதற்கு என்று யாரும் கேட்டுக்கொள்வதில்லை. வேலைக்கான முதல் சுற்று நேர்காணலில் எதிரே மனிதரே கிடையாது. லேப்டாப் கேமராவைப் பார்த்துத்தான் பேச வேண்டும், சிரிக்கவும் வேண்டும். என் அறைத்தோழி அதற்காகச் சுவரைப் பார்த்துச் சிரித்துப் பழகுகிறாள். ராத்திரி முழித்துப் பார்த்தால் பயமாக இருக்கிறது. போன வருடம் சீனியர்களை எடுத்த வேலைகள் இந்த வருடம் இருக்குமா என்று எல்லோருக்கும் உள்ளூர உதறல்.

அந்த உதறலுக்கு மருந்தாக ஒரு பாடமே வைத்திருக்கிறார்கள். ஏஐ காலத்தில் தலைமை வகிப்பது எப்படி என்று. மிஷினால் முடியாததைத் தலைவர் செய்ய வேண்டுமாம். அது என்ன மேடம் என்று கேட்டால், அடுத்த வகுப்பில் பார்க்கலாம் என்பார் எங்கள் பேராசிரியை. அந்த அடுத்த வகுப்புக்குத்தான் ஒரு மென்பொருள் கம்பெனிக்காரரைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள்.

மனிதர் நன்றாகவே பேசினார். அவருக்கு என்னைத் தெரியாது. "திருப்பூர்ல ஒரு சின்ன பனியன் கம்பெனி. முதலாளி திடீர்னு இறந்துட்டார். ஆனா அவரோட லீடர்ஷிப் நிக்கல. அவர் குரல்ல இப்ப ஏஐ பேசுது" என்று சொல்லிவிட்டு லேப்டாப்பில் எதையோ தட்டினார்.

"எல்லாருக்கும் வணக்கமுங்க. இன்னிக்கு நீலக் கலர் பீஸ் ஓடுது, பாத்து நூல் மாத்திக்குங்க. மழை வர்றாப்ல இருக்குது. லோடு ஏத்தறவங்க தார்ப்பாய் போட்டு நல்லா இழுத்துக் கட்டிருங்க சாமி."

அப்புறம் வழக்கமான அந்தத் தொண்டைக் கனைப்பு. அப்புறம், "மாத்திரை போட்டியா அம்மிணி?"

வகுப்பே சிரித்தது. அவருக்குப் பெருமை தாங்கவில்லை. "பாருங்க, எம்பதி! அடுத்தவங்க மேல அக்கறை! இதை நாங்க சொல்லிக்குடுக்கவே இல்ல. அதுவா கத்துக்கிச்சு" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குக் கையைத் தூக்கவே முடியவில்லை. பேராசிரியை என்னைப் பார்த்து, உடம்பு சரியில்லையா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிப் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

அதுவாகக் கற்றுக்கொள்ளவில்லை அப்பா. விடியும் முன்னே கம்பெனிக்குக் கிளம்பிவிடுகிற நீங்கள், அங்கே போனதும் அம்மாவுக்கு வாட்ஸப்பில் பேசி அனுப்புவீர்கள். கரண்ட் வந்துவிட்டது, கட்டிங் மாஸ்டர் லீவு, வெயில் கொளுத்தும் போலிருக்கிறது என்று ஏதாவது இருக்கும். எது இருந்தாலும் கடைசியில் அவளுடைய தைராய்டு மாத்திரையைப் பற்றிக் கேட்டுத்தான் முடிப்பீர்கள். வருடக்கணக்கில் ஒரு நாள்கூட விடவில்லை. உலகத்திலேயே ஒரே ஒரு ஆளிடம் நீங்கள் கேட்ட கேள்வி அது. யாரோ அம்மாவின் போனிலிருந்து அதைத் திருடிவிட்டார்கள் என்று நினைத்தேன். காந்திபுரத்தில் பஸ் ஏறி அவினாசி தாண்டும்வரை அந்த ஆளை என்னென்ன கேட்க வேண்டும் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன்.

வீட்டில் அம்மா முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அம்மா, உன் போனை யாராச்சும் வாங்குனாங்களா? அப்பா உனக்கு அனுப்புன வாய்ஸையெல்லாம் எவனோ எடுத்துட்டான்."

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். "யாரும் எடுக்கல கண்ணு. நாந்தான் குடுத்தேன்" என்றாள்.

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நம் அம்மாவா? உங்கள் பழைய சட்டையைக்கூட யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்று பீரோவில் பூட்டி வைத்திருப்பவள், உங்கள் குரலை எடுத்துக் கொடுத்தாளா?

"கம்பெனில மைக்கப் புடிச்சு நானும் கொஞ்ச நாள் பேசிப் பாத்தேன் கண்ணு. எங்கியோ ரேடியோ பாடுதுன்னு அவங்கவங்க பாட்டுக்கு இருந்தாங்க. சாயப்பட்டறைக்குப் போன் பண்ணுனா, ஊட்ல ஆம்பளைங்க இருந்தாக் குடுங்கன்னாங்க. உங்கப்பா கொரலு வந்ததுக்கு அப்பறந்தான் மைக்கு பேசுனா அத்தன பேரும் எந்திரிச்சு நிக்கறாங்க. சாயமும் நேரத்துக்கு வருது. நீ படிச்சு வேலைக்குப் போகோணும். கம்பெனியும் நடக்கோணும். நான் வேற என்ன பண்ணட்டும், சொல்லு?"

தலைமை பற்றி நான் எழுதிய பரீட்சைத் தாள்களில் இதற்குப் பதில் இல்லை அப்பா. ஆனாலும் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அம்மா இன்னொன்றையும் சொன்னாள்.

மறுநாள் காலையிலும் மைக்கில் நீங்கள்தான் பேசப்போகிறீர்களாம். பனியனில் ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் எல்லாவற்றையும் கேமராவே பார்த்துச் சொல்கிற மிஷின் அடுத்த மாதம் வருகிறது. பனியன் வாங்குகிற பையர் கேட்கிறாராம், வேறு வழியில்லையாம். அது வந்தால் செக்கிங்கில் இருக்கிற பெண்கள் தேவைப்பட மாட்டார்கள். "அத என் வாயால சொல்ல முடியாது கண்ணு. உங்கப்பா சொன்னா ஏத்துக்குவாங்க. எழுதிக் குடுத்தாச்சு, அதுவே பேசிக்கும்" என்றாள்.

தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு துணிப் பையோடு வந்து இறங்கிய ஜெபமணி அக்காவைச் செக்கிங்கில் சேர்த்தது நீங்கள். திருப்பூர் மண்ணரைப் பகுதியில் அவர்களுக்கு வீடு பார்த்துக் கொடுத்ததும் நீங்கள்தான். இப்போது அதே குரலில் அடுத்த மாதத்திலிருந்து வர வேண்டாம் என்று சொல்லப்போகிறீர்கள். நீங்கள் நினைத்தே பார்க்காததை, நீங்கள் இல்லாதபோது, உங்கள் வாயால். சாமி என்றும் கண்ணு என்றும் அதற்கு இடையில் போட்டுக்கொள்ளும் அந்தப் பேசும் மிஷின்.

"இது பாவம்மா" என்று கத்தினேன்.

"அப்ப நீ வந்து சொல்லு" என்றாள் அம்மா. ராத்திரி இரண்டு பேரும் சாப்பிடவில்லை. முருங்கைக்காய் சாம்பார் அப்படியே இருந்தது.

காலையில் அம்மாவோடு வேலம்பாளையம் கம்பெனிக்குப் போனேன். ஷிப்ட் தொடங்கும் முன் உங்கள் வழக்கப்படியே எல்லோரும் பவர் டேபிள் தையல் மிஷின்களுக்குப் பக்கத்தில் கூடி நின்றார்கள். நீங்கள் பேசும்போது யாராவது கையைத் தூக்கினால், பேச்சைப் பாதியிலேயே நிறுத்திவிடுவீர்களே. அந்த நீள வயர் மைக் கைமாறிக் கைமாறி அந்த ஆளிடம் போகும். பாத்ரூமில் தண்ணி வரவில்லை என்பதிலிருந்து, பையன் பிளஸ் டூ பாஸ் என்பதுவரை அதில் கேட்டிருக்கிறேன். மற்ற கம்பெனிக்காரர்கள் உங்களைக் கேலி செய்வார்கள். "ஏனுங்க, கம்பெனி நடத்தறீங்களா, பட்டிமன்றம் நடத்தறீங்களா?" என்று.

மைக் இப்போது ஒரு ஸ்டாண்டில் சும்மா நின்றது. சுவரில் மாட்டிய பெட்டியிலிருந்து நீங்கள் பேச ஆரம்பித்தீர்கள். "எல்லாருக்கும் வணக்கமுங்க." இருந்தவர்கள் எல்லோரும் நிமிர்ந்தார்கள். அயர்னிங் மாஸ்டர் தலைத் துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டினார். நீங்கள் செத்துப்போனது அங்கே யாருக்குத் தெரியாது? எல்லோரும் உங்களைத் தூக்கிக்கொண்டு நடந்தவர்கள்தானே. தெரிந்தே நிமிர்ந்து நின்றார்கள்.

அன்றைய வேலையைச் சொல்லிவிட்டு, நடுவில் எந்தச் சம்பந்தமும் இல்லாமல், "மாத்திரை போட்டியா அம்மிணி?" என்றது பெட்டி.

என் பக்கத்தில் நின்ற அம்மா முந்தானையில் முடிந்து வைத்திருந்த மாத்திரையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தாள்.

அப்பா, வெறும் வயிற்றில், எழுந்ததும் போடச் சொன்ன மாத்திரை அது. அத்தனை நேரம் ஒரு வாய் காப்பிகூடக் குடிக்காமல் அதற்காகக் காத்திருக்கிறாள். அந்தக் கேள்வியைத் தப்பென்று எடுத்துவிட அந்த மென்பொருள் கம்பெனிக்காரர் ஒரு தடவை வந்தாராம். "அது மட்டும் இருக்கட்டுங்க" என்று சொன்னதே அம்மாதானாம். எம்பதி என்று அவர் எங்களுக்குப் போட்டுக் காட்டியது, அம்மா கெஞ்சி வாங்கியது. இனி அவளிடம் எப்படிச் சண்டை போடுவேன்?

அடுத்து பெட்டி அந்த விஷயத்துக்கு வந்தது. "செக்கிங்ல இருக்கற நம்ம பொண்ணுங்களுக்கு ஒரு சேதி..." என்று ஆரம்பித்ததும் ஜெபமணி அக்கா கையைத் தூக்கினார்கள்.

பழக்கம்தான். உங்கள் குரலைக் கேட்டதும் தானாகவே போயிருக்கும் கை. குரல் நிற்கவில்லை. "காலத்துக்குத் தகுந்தாப்ல நாமளும் மாறோணுமுங்க..." என்று அது பாட்டுக்குப் போனது. அக்கா கையை இறக்கவில்லை. பக்கத்திலிருந்த பெண்கள் முதலில் அவர்களைப் பார்த்தார்கள். பிறகு எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். அந்தக் கை மட்டும் அப்படியே நின்றது.

அம்மா போய் சுவிட்சை அணைத்தாள். ஒரு வார்த்தையின் நடுவில் நீங்கள் நின்றுபோனீர்கள்.

ஸ்டாண்டிலிருந்து மைக்கை எடுத்து அம்மா முன்வரிசைக்காரியிடம் கொடுத்தாள். அது கைமாறிக் கைமாறி ஜெபமணி அக்காவிடம் போனது.

"டீயில தண்ணி ரொம்பக் கூடுதலா இருக்குக்கா" என்று வழக்கமான புகாரோடு ஆரம்பித்தார்கள். யாரோ சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. "அண்ணாச்சி இருந்தா என்ன சேதின்னு அவர்ட்டயே கேட்டுருப்போம். சண்ட போட்டுருப்போம். அவரும் ஏசிருப்பாரு. இதுட்ட என்னத்தச் சொல்ல? சேதி எதுன்னாலும் நீங்க சொல்லுங்கக்கா. நாங்க கேக்கோம்."

மைக் அதே வழியில் திரும்பி வந்தது. கேமரா மிஷின் வருகிறது என்றாள் அம்மா. செக்கிங் பெண்களை எந்த வேலையில் போடுவதென்று தனக்கே இன்னும் தெரியவில்லை என்றாள். "தெரியாமத்தான் அவுங்க கொரலுக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டேன். முடிவு பண்ணறப்ப உங்களையும் வெச்சுக்கிட்டுத்தான் பண்ணுவேனுங்க. இது நிஜம்."

சத்தம் வந்தது அப்பா. அழுகை, கோபம், ஒரே நேரத்தில் பத்துப் பேர் பேச்சு. பேக்கிங்கில் எத்தனை பேரை எடுக்க முடியும், மிஷினைப் பார்த்துக்கொள்ள யாருக்காவது சொல்லிக்கொடுப்பார்களா, பையரிடம் அவகாசம் கேட்கலாமா என்று. எதுவும் முடிவாகவில்லை. எல்லோரையும் வைத்துக்கொள்ள முடியுமா என்று இன்றுவரை தெரியாது. தையல் மிஷின்கள் அன்று ஓடத் தொடங்கவே நேரமாகிவிட்டது. நீங்கள் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? எனக்குத் தெரியவில்லை. அந்தப் பெட்டிக்கும் தெரியாது என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

வகுப்பில் இதை நான் சொல்லவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை ஒரு கம்பெனியின் முதல் சுற்றில், தலைமைக்கு ஒரு உதாரணம் சொல் என்று கேமரா கேட்டது. என் அம்மா ஒரு சுவிட்சை அணைத்தாள் என்று ஆரம்பித்து, தூக்கிய கைவரை சொன்னேன். நடுவில் அழுதுவிட்டேன். பதிலுக்கு நன்றி என்று சொல்லிவிட்டு அது அடுத்த கேள்விக்குப் போனது. வேலை கிடைக்குமோ, கிடைக்காதோ.

உங்கள் குரலை அழித்துவிடச் சொல்லி அம்மா அந்த ஆளிடம் சொல்லிவிட்டாள். அழித்தாயிற்று என்றார். நிஜமாகவே அழித்திருப்பார்களா? இன்னும் எந்த ஊரில், எந்த வகுப்பில் நீங்கள் தார்ப்பாய் கட்டச் சொல்லிக்கொண்டிருக்கிறீர்களோ. அதை நினைத்தால் தூக்கம் போய்விடுகிறது. நீங்கள் அனுப்பியதெல்லாம் அம்மாவின் போனில் பத்திரமாக இருக்கிறது. அது அவளுடையது. அதை இனி யாரும் தொட மாட்டார்கள்.

நேற்று விடிந்ததும் ஹாஸ்டலிலிருந்து அவளுக்குப் போன் செய்தேன்.

"மாத்திரை போட்டியாம்மா?"

அந்தப் பக்கம் தண்ணீர் பாட்டில் திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "இன்னும் இல்ல கண்ணு. நீ கேக்கட்டும்னு இருந்தேன்" என்றாள்.

வேலை எந்த ஊரில் கிடைத்தாலும், கிடைக்காமலே போனாலும், அவள் இருக்கும் காலம்வரை தினமும் காலையில் இதை நான் கேட்பேன் அப்பா. என் சொந்தக் குரலில், அவள் வெறும் வயிற்றோடு காத்திருக்காதபடி, விடியும் முன்னே.

நீங்கள் விட்டுப்போன கேள்வியை எடுத்துக்கொண்ட
உங்கள் மகள், உங்கள் கண்ணு