பேர் சொல்லாத ஊருக்கு

திருவண்ணாமலை
22.6.2025

பேர் சொல்லாத ஊரில் இருக்கும் சௌம்யாவுக்கு,

உன் நாத்தனார் குசுமாவதி எழுதுவது. ஐந்தாம் வகுப்போடு நின்ற கை. எழுத்து கோணலாக இருந்தால் சிரித்துக்கொள், நீ சிரித்தே நாளாயிற்று. இங்கே மலையும் நானும் இருந்த இடத்திலேயே இருக்கிறோம். மலைக்கு மூட்டு வலி இல்லை, எனக்கு இருக்கிறது. அதுதான் வித்தியாசம்.

வக்கீலம்மா மதிவதனி சொன்னபடி உன்னிடம் போனில் பேசவே போவதில்லை. உன் போனுக்குள் என் தம்பி அஜிதன் எதையோ போட்டு வைத்து, நீ கடைக்குப் போனால் கடை, டாக்டரிடம் போனால் டாக்டர் என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தானாமே. என் போனையும் அவன்தான் வாங்கிக் கொடுத்தான். அதற்குள் என்ன குடியிருக்கிறதோ. அதனால் பழையபடி கடுதாசி. நான் எழுதி வக்கீலம்மா ஆபீசில் கொடுக்கிறேன். அவர்கள் வேறு உறையில் போட்டு அனுப்புவார்கள். நீயும் அந்த வழியாகவே எழுது. காதலிக்கிற பிள்ளைகள் மாதிரி ஆகிவிட்டோம், இந்த வயதில்.

செங்கம் ரோடு கெஸ்ட் ஹவுசில் என் சமையல் நன்றாகத்தான் ஓடுகிறது. போன வாரம் ஒரு வெள்ளைக்காரம்மா, நீ ஏன் உருளைக்கிழங்கு தின்னமாட்டேன் என்கிறாய் என்று கேட்டாள். எங்கள் ஜைனர் வழக்கத்தை எப்படி இங்கிலீசில் சொல்ல? "அது பாவம் நிம்மதியா மண்ணுக்குள்ள ஒளிஞ்சிட்டிருக்கு, நாம ஏன் தோண்டணும்" என்றேன். மேனேஜர் மொழிபெயர்த்துச் சொன்னார். அந்தம்மா என்னைக் கும்பிட்டாள். எனக்கு ஒரே வெட்கம்.

ஸ்வேதா குட்டியைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டாயா? யூனிபார்ம் போட்டு ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. அத்தை கேட்டாள் என்று சொல்.

இப்படிக்கு,
உன் அண்ணி
குசுமாவதி

—

5.7.2025

அன்புள்ள அண்ணிக்கு,

சௌம்யா வணக்கத்துடன் எழுதுவது. ஊர் பேர் எழுதாமல் கடிதம் தொடங்கினால் தலையில்லாமல் நடப்பது போல் இருக்கிறது. மன்னித்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஒரு மருந்துக் கடையில் வேலை கிடைத்துவிட்டது. இடது காது இன்னும் கேட்கவில்லை. இனிக் கேட்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கவுண்டரில் வலது பக்கமாக நிற்கிறேன், யாருக்கும் தெரிவதில்லை. ஸ்வேதா மூன்றாம் வகுப்பு. போட்டோ இதோடு இருக்கிறது. முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. அத்தை இதைப் பார்த்தால் என்ன பட்டப்பேர் வைப்பாள் என்று அவளுக்கு இப்போதே பயம்.

அவர் எங்களை நெருங்கக் கூடாது என்று கோர்ட்டில் உத்தரவு வாங்கியாயிற்று. தற்காலிக உத்தரவுதான். நிரந்தரமாக்க, அவர் அடித்ததைப் பார்த்த சாட்சி வேண்டும் என்கிறார் வக்கீலம்மா. என் காது போன அன்று வீட்டில் இருந்தது நீங்கள் ஒருவர்தான். உங்களைக் கேட்க எனக்கு மனசு வரவில்லை. அவர் உங்கள் தம்பி. வேண்டாமென்றால் இந்தப் பத்தியைப் படிக்காத மாதிரி இருந்துவிடுங்கள்.

அன்புடன்,
சௌம்யா

—

29.7.2025

அண்ணி,

வெள்ளிக்கிழமை பள்ளி விடும் நேரத்துக்கு அவர் கேட்டுக்கு வெளியே நின்றிருக்கிறார். கையில் பெரிய கரடி பொம்மை. ஸ்வேதா அவரைப் பார்த்ததும் அங்கேயே பாவாடையை நனைத்துக்கொண்டாள். பள்ளி ஆயாதான் அவளைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடிக் கேட்டைப் பூட்டியது. போலீஸ் வந்து கேட்டதற்கு, "பெத்த பொண்ணப் பாக்க வந்தேன், அது தப்பாங்க?" என்றாராம். அறிவுரை சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

இன்று இந்த ஊரைக் காலி செய்கிறோம்.

அவள் எந்தப் பள்ளியில் படிக்கிறாள் என்று வக்கீலம்மாவுக்குத் தெரியும். அடுத்து, நான் அனுப்பிய போட்டோவில் அவள் சட்டையில் பேட்ஜ் இருந்தது. அது உங்களிடம் இருக்கிறது. சாட்சி சொல்வீர்களா என்று கேட்டதற்கும் உங்களிடமிருந்து பதில் வரவில்லை.

நான் என்ன நினைக்கட்டும்? பதில் எழுத வேண்டாம்.

சௌம்யா

—

திருவண்ணாமலை
5.8.2025

சௌம்யாவுக்கு,

பதில் எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன். படிக்கப் பிடிக்காவிட்டால் வடை மடிக்க வைத்துக்கொள்.

உன் கடுதாசியைப் படித்த அன்று குழம்பில் உப்புப் போட மறந்துவிட்டேன். கெஸ்ட் ஹவுசில் எல்லோரும் அதை ஆரோக்கியச் சமையல் என்று பாராட்டினார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உன்மேல் கோபமாக இருந்தது. இன்னும் இருக்கிறது. ஆனால் அதைவிடப் பெரிய கோபங்கள் வரிசையில் முன்னால் நிற்கின்றன, உன் முறை வரட்டும்.

சாட்சிக்குப் பதில் வரவில்லை என்கிறாயே. எழுத்தில் சொன்னால் போதாது என்று நேராக வக்கீலம்மாவிடம் போய் கைநாட்டாக இல்லாமல் முழுப் பேரும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். உன்னிடம் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்தேன்.

போன வாரம் அஜிதன் வீட்டுக்கு வந்தான். சோறு போட்டேன். சாப்பிட்டுக்கொண்டே சொல்கிறான், "நீ வாயத் திறக்கலன்னா போக்கா. பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டருக்கு வாய் இருக்குது." தட்டைப் பிடுங்கிக்கொண்டேன். பாதிச் சாப்பாட்டில் ஒருவனை எழுப்பியது இதுதான் முதல் தடவை.

மறுநாள் ஸ்வேதாவின் பழைய பள்ளிக்கூடத்துக்குப் போனேன். ஆபீசில் கிளார்க்காக இருப்பது நம் குணபாலன். நல்ல மனுஷன், கோயிலில் நம்மோடு உட்கார்ந்து ஸ்தோத்திரம் சொல்கிறவன்.

"வாங்கக்கா, டீ சொல்லட்டா?"

"டீ இருக்கட்டும். என் தம்பிக்கு நீ என்ன காட்டின?"

"ஓ, அதுவா. புள்ளைங்க வேற ஸ்கூல்ல சேந்தா எங்க கம்ப்யூட்டர்ல தெரியுங்கக்கா. பாவம், அழுதுட்டே வந்தாரு. குடும்பம் ஒண்ணு சேரட்டும்னு ஸ்க்ரீனத் திருப்பிக் காட்டினேன். சேந்துட்டாங்களா?"

அவன் முகத்தில் ஒரு சந்தோஷம், சௌம்யா. புண்ணியம் செய்தவன் முகம். எனக்கு அந்தக் கம்ப்யூட்டரைத் தூக்கி அவன் டீயிலேயே முக்கலாம் போல் இருந்தது.

"கிட்ட வரக் கூடாதுன்னு கோர்ட்டு சொல்லியிருக்குதுடா."

"அது எனக்கு வரலியேக்கா. அப்பா பேருன்னு இதுல ஒரு கட்டம் இருக்கு. அடிக்கிற அப்பான்னு கட்டம் இல்லியே. தகப்பன் கேட்டா சொல்லக் கூடாதுன்னு எந்தச் சட்டத்துல இருக்கு, நீங்களே சொல்லுங்க."

அந்தச் சட்டம் எங்கே என்று கேட்கத்தான் நேற்றுத் திங்கட்கிழமை வேங்கிக்காலுக்குப் போனேன். கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கிற நாள். ஒரு மேஜையில் கேட்டால் அடுத்த மேஜை, அங்கே கேட்டால் மாடி. கடைசியில் ஒரு அதிகாரி பொறுமையாகச் சொன்னார். அடிக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறதாம், வீட்டுக்குள் வரக் கூடாது என்று உத்தரவு வாங்கலாமாம். ஆனால் ஓடிப்போய் ஒளிந்தவளின் ஊரை ரேஷன், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று எங்கும் வெளியே சொல்லக் கூடாது என்று தெளிவாக ஒன்றும் இல்லையாம். "மாத்தப் போறாங்கம்மா. கருத்து கேக்க அடுத்த மாசம் குழு வருது. வந்து பேசுங்க" என்றார். கருத்தா? என்னிடம் இருப்பது கருத்து இல்லை, சாபம்.

நீ அனுப்பிய போட்டோ, நான் வைத்த பருப்பு டப்பாவிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. ஆனாலும் உனக்குச் சந்தேகம் வர அதில் இடம் இருந்தது. கத்திரிக்கோல் எடுத்துப் பேட்ஜை வெட்டி அடுப்பில் போட்டேன். பொக்கைவாய் மட்டும் மிச்சம். அவளுக்கு வைத்த பட்டப்பேரை நேரில்தான் சொல்வேன்.

குசுமாவதி

—

18.8.2025

அன்புள்ள அண்ணிக்கு,

எப்படி மன்னிப்புக் கேட்பது என்று தெரியாமல் மூன்று காகிதங்களைக் கிழித்தேன். நீங்கள் கையெழுத்துப் போட்டதை வக்கீலம்மா இப்போதுதான் சொன்னார்கள். பயம் வந்தால் யார் முகமும் ஒரே மாதிரி தெரிகிறது, அண்ணி.

புது ஊருக்கு வந்துவிட்டோம். ஸ்வேதாவை இன்னும் பள்ளியில் சேர்க்கவில்லை. சேர்த்தால் அந்தக் கம்ப்யூட்டர் மறுபடியும் சொல்லிவிடும். காலையில் மற்றப் பிள்ளைகள் பை மாட்டிக்கொண்டு போவதை ஜன்னலில் நின்று பார்க்கிறாள். "அம்மா, நான் என்ன தப்பு பண்ணேன்?" என்று ஒருநாள் கேட்டாள்.

உங்களைப் பார்க்க வேண்டும் போல் இருக்கிறது. தனிக் காகிதத்தில் எங்கள் விலாசத்தை எழுதி மடித்து வைத்திருக்கிறேன். வக்கீலம்மாவைத் தவிர உங்களுக்கு மட்டும்தான் கொடுக்கிறேன். நம்புகிறேன் என்று வாயால் சொல்வதைவிட இது மேல் என்று தோன்றியது. ஒரு முறை வந்துவிட்டுப் போங்கள்.

சௌம்யா

—

திருவண்ணாமலை
14.9.2025

என் சௌம்யாவுக்கு,

முதலில் அந்தக் கருத்துக் கேட்கிற கூட்டத்தைச் சொல்கிறேன். பெரிய ஹால், ஏசி, ஆளுக்கொரு பாட்டில் தண்ணீர். நிறையப் பேர் தகவல், தரவு, அந்தரங்கம் என்று பேசினார்கள். எனக்குப் பாதி புரிந்தது. ஒருத்தர் எழுந்து தகப்பனுக்கு உரிமை இல்லையா என்று கேட்டார், கைதட்டினார்கள். அப்புறம் மைக் என் கைக்கு வந்தது.

"நாங்க ஜைனருங்க. கெழங்கு திங்க மாட்டோம். மண்ணுக்குள்ள இருக்கறதத் தோண்டக் கூடாது, அது எங்க கட்டுப்பாடு" என்று ஆரம்பித்தேன். சிரித்தார்கள். எப்போதும் நான் பேசினால் சிரிப்பார்கள், பழக்கம். எனக்கு அன்றைக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சிரிக்காதீங்க. ஒரு கெழங்குக்கு இருக்கற பாதுகாப்பு எங்க வீட்டுப் பொண்ணுக்கு இல்லீங்க. காது போயி, கொழந்தையத் தூக்கிட்டு ஒளிஞ்சா. உங்க ஆபீஸ்ல ஒருத்தர் ஸ்க்ரீனத் திருப்பித் தோண்டிக் குடுத்துட்டாரு. அடிச்சவன் என் தம்பி. நான் பாத்தேன். தகப்பன் உரிமை பேசறவரு, அந்தப் புள்ள ஸ்கூல் வாசல்ல பாவாடைய நனைச்சுதே, அத வந்து தொவைச்சிக் குடுப்பாரா?"

அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை. மேடையில் இருந்த அம்மா எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்கள். "சேக்கறோம்மா" என்றார்கள். எப்போ என்றேன். "நேரமாகும்" என்றார்கள். அவர்களுக்கு நேரம் ஆகும். ஸ்வேதாவுக்கு வயதாகும்.

அதற்காகக் காத்திருக்காமல் வக்கீலம்மா வேறு வழி பார்த்தார்கள். கோர்ட்டில் நான் கூண்டேறிச் சொன்னேன். எந்தக் கையால் அடித்தான், நீ எந்தச் சுவரில் மோதினாய், எல்லாவற்றையும். அவன் எதிரே நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். உத்தரவு நிரந்தரமாகிவிட்டது. ஸ்வேதா எங்கே படிக்கிறாள் என்பதைக் கம்ப்யூட்டரில் மறைத்து வைக்க வேண்டும், யார் கேட்டாலும் சொல்லக் கூடாது என்று நீதிபதி தனியாக எழுதியிருக்கிறார். நாளைக்கே பையைத் தோளில் மாட்டி அனுப்பு. அவள் கேட்டாளே, அதற்குப் பதில்: அவள் ஒரு தப்பும் பண்ணவில்லை.

ஆனால் கோபம் கம்மியாகவில்லை, ஜாஸ்திதான் ஆகிறது. ஒருத்தி ஊரை மறைக்க நாத்தனார் கூண்டேற வேண்டுமென்றால், என்னை மாதிரி ஒரு வாயாடி நாத்தனார் இல்லாதவளெல்லாம் என்ன செய்வாள்?

கோயிலில் நம் பெண்கள் என் பக்கத்தில் உட்காருவதில்லை. தம்பியைக் காட்டிக் கொடுத்தவளாம். நல்லது, காலை நீட்டி உட்கார இடம் தாராளமாக இருக்கிறது. குணபாலன் மட்டும் ஒருநாள் வந்து, "எனக்குத் தெரியாதுக்கா" என்றான். தெரிந்துகொள் என்றேன். டீ போட்டுக் கொடுக்கவில்லை.

இப்போது முக்கியமான விஷயம். நீ மடித்து வைத்த காகிதத்தைப் பிரிக்காமல் இதோடு திருப்பி அனுப்புகிறேன். மடிப்பைப் பார், தெரியும். உன்மேல் கோபம் என்று நினைக்காதே, உன் முறை எப்போதோ வந்து போய்விட்டது. அஜிதன் என்னை அடித்தாலும் சொல்ல மாட்டேன். கழுத்தை நெரித்தாலும் சொல்ல மாட்டேன். ஆனால் என்றைக்காவது வாசலில் உட்கார்ந்து, சின்ன வயதில் அழுத மாதிரி அக்கா என்று அழுவான். குணபாலனிடம் அழுதுதானே வாங்கினான். எனக்கு என்னையே தெரியும். அதனால் எனக்குத் தெரியவே வேண்டாம். நீயும் இனி எழுதாதே, வரிக்கு நடுவில் தவறி விழும் ஒரு வார்த்தை கூட ஊரைச் சொல்லிவிடும். அந்தச் சட்டம் வரட்டும். அன்றைக்கு விலாசத்தை நானே கேட்டு வாங்கிக்கொள்கிறேன்.

பார்க்கத் தோன்றினால் ஒன்று செய். நாம் பொழுது சாய்வதற்குள் சாப்பிடுகிறவர்கள். நீ எந்த ஊரில் இருந்தாலும் உனக்கும் எனக்கும் அதே பொழுதுதான். ஸ்வேதாவை உட்கார வைத்துச் சோறு போடு. அந்த நேரத்துக்கு நானும் இங்கே தட்டின்முன் உட்கார்ந்திருப்பேன், உங்கள் இரண்டு பேரையும் திட்டிக்கொண்டே.

உன் அண்ணி,
குசுமாவதி