மூன்றாம் படியில் ஒரு சொல்

குன்னூர்,
4 ஜூலை 2025

அன்புள்ள விஜயன்,

நலம்தானே? கோவை வெயிலில் கொஞ்சம் கறுத்திருப்பீர்கள். இங்கே நான்கு நாளாக மழை. ஆறு மாதமாக என் ஃபோனை நீங்கள் எடுப்பதில்லை, அதனால் இந்த மெயில்.

உங்கள் ஹூக் ஸ்கிரிப்டின் வழிகாட்டியைத் திருத்தும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. ப்ரோகிராமை கமிட் செய்து, அதாவது பொதுத் தொகுப்பில் சேர்க்கப் பதியும்போது, விவசாயிகளின் ஃபோன் நம்பர் அதில் இருந்தால் தடுக்குமே, அந்த ஸ்கிரிப்ட்தான். அது தடுக்காமல் என் கமிட்டில் நானூறு பேரின் நம்பர் வெளியே போனது. பழி உங்கள் மேல் விழுந்து, வேலையையும் விட்டுப் போனீர்கள்.

நேற்று ஆபீஸில் எலெக்ட்ரீஷியன் வேலை முடித்துப் போனதும், டீ கொண்டுவந்த வேலாயி அக்கா, "புது லைட்டு பூட்டிட்டாங்கம்மா" என்றார்.

"லைட்டை ஏனுங்கக்கா பூட்டோணும்?" என்று சிரித்தேன்.

"பூட்டாம எப்புடிம்மா எரியும்? சிலோன்ல இருந்து வந்த நாங்க மாட்டுறத பூட்டுறதுன்னுதான் சொல்லுவோம்."

என் சிரிப்பு நின்றுவிட்டது. உங்கள் வழிகாட்டியில் மூன்றாம் படி: "ஹூக்கைப் பூட்டவும்." உங்கள் வீட்டாரும் சிலோனில் இருந்து வந்தவர்கள்தானே, அதே பேச்சு அல்லவா? நீங்கள் மாட்டச் சொன்னீர்கள். நானோ யாரும் தொடக் கூடாது என்று புரிந்துகொண்டு, அந்த ஃபைல் இயங்கும் அனுமதியையே எடுத்துவிட்டேன். ஹூக் ஓடவில்லை என்று மஞ்சள் எழுத்தில் எச்சரிக்கை வந்ததையும் படிக்கவில்லை. உங்கள் ஸ்கிரிப்டில் ஒரு குறையும் இல்லை, விஜயன். அது ஓடவே இல்லை. என்னை மன்னித்துவிடுங்கள்.

சுகந்தி

கோவை,
6 ஜூலை

சுகந்திக்கு,

மூன்று முறை படித்தேன். சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. பிழையில் பாதி என்னுடையது. அந்த வழிகாட்டியை யாரிடமும் கொடுத்துப் படிக்கச் சொல்லவில்லை. ஆனால் மேனேஜர் ரவிக்குமார் சார் எல்லோர் முன்னும் "உன் ஸ்கிரிப்ட் வேஸ்ட்" என்றபோது, நீங்கள் கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அதுதான் வலித்தது. எனக்கு எழுதியதை அவரிடம் சொன்னீர்களா?

விஜயன்

குன்னூர்,
8 ஜூலை

அன்புள்ள விஜயன்,

சொல்லவில்லை. நீங்கள் கேட்ட பிறகுதான் உறைத்தது. இன்று மீட்டிங்கில் எழுந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சார், "விஜயனை நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாதுங்க" என்றார். உங்களுக்கு எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார்.

மூன்றாம் படி இப்போது இப்படி: "ஃபைலை இந்த ஃபோல்டரில் வையுங்கள். இயங்கும் அனுமதி கொடுங்கள். ஒரு பொய் நம்பரைப் போட்டு கமிட் செய்து பாருங்கள். தடுக்காவிட்டால் மஞ்சள் எழுத்தைப் படியுங்கள்." புதிதாகச் சேர்ந்த ராஜப்ரியா யாரையும் கேட்காமல் பத்தே நிமிடத்தில் முடித்துவிட்டாள்! எழுதியவர் என்ற இடத்தில் உங்கள் பெயர்தான் இருக்கிறது.

இன்னும் அப்படிச் சொல்லலாம் என்றால், உங்கள் தோழி,
சுகந்தி

கோவை,
10 ஜூலை

அன்புள்ள சுகந்தி,

சார் எழுதினார். நல்ல மாதிரி எழுதியிருந்தார்.

வேலையை ஏன் விட்டேன் என்று அப்பாவிடம் நான் சொன்னதே இல்லை. நானூறு பேருக்கு என்னால்தான் கெடுதல் என்று நானே நம்பிக்கொண்டிருந்தேன். நேற்று உங்கள் மெயிலை ஃபோனில் அவருக்கு வாசித்தேன். முழுவதும் கேட்டுவிட்டு, "அந்தப் புள்ளைய ஒருநாள் சோத்துக்குக் கூப்புடுடா" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கோத்தகிரியில் அப்பா வீட்டுக்கு வருகிறேன். நீங்களும் வாருங்கள்.

விஜயன்