ஒரு படுக்கைக்கு ஒரு பாஸ்

ஜூன் 9, திங்கள்

ரோசிலி சேச்சிக்கு,

லின்சி எழுதுவது. நாம் பேசிக்கொள்வதில்லை என்பது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன். ஐசியூ வாசலில் இத்தனை நாள் ஒரே பெஞ்சின் இரண்டு மூலைகளில் உட்கார்ந்து சமாளித்துவிட்டோம். இனி அது நடக்காது. உங்கள் தம்பியை இன்று காலை மூன்றாவது மாடி வார்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். இங்கே ஒரு படுக்கைக்கு ஒரே பாஸ், ஒரே ஆள். நான் கீழே இறங்கி வாசல் செக்யூரிட்டியிடம் பாஸைக் கொடுத்தால்தான் நீங்கள் மேலே ஏற முடியும். ஒரு நாள் நீங்கள், ஒரு நாள் நான் என்று மதியத்தில் மாற்றிக்கொள்வோம். சொல்ல வேண்டியதை எழுதி ஹார்லிக்ஸ் பாட்டிலுக்கு அடியில் வைக்கிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

கஞ்சி கொடுக்கும்போது நிமிர்த்தி உட்கார வைக்க வேண்டும். படுத்தபடி கொடுத்தால் புரையேறும். நிமோனியாவில் இருந்து மீண்டவருக்கு அது ஆகாது. குழாய் போட்டிருந்த தொண்டை என்பதால் குரல் கரகரக்கிறது. பேச்சும் இன்னும் சரியில்லை. ஐசியூவைக் கல்யாண வீட்டுச் சமையல்கூடம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். "குக்கர் விசில் அடிச்சிட்டே இருக்கு, ஒருத்தனும் அடுப்ப அணைக்கல" என்று காலையில் இருந்து என்னைத்தான் திட்டுகிறார்.

"வார்டுக்கு மாற்றலாமா" என்று டாக்டர் கேட்டதற்கு நான் தலையாட்டினேன். அதற்கு லிஃப்ட் பக்கத்தில் நின்று நீங்கள் முறைத்த முறைப்பை நானும் பார்த்தேன்.

லின்சி

&nbsp;

ஜூன் 10, செவ்வாய்

இயேசுவுக்குப் புகழ்.

லின்சிக்கு,

பார்த்தாய் அல்லவா, நல்லது. பார்க்கத்தான் முறைத்தேன். டாக்டர் மரியாதைக்குக் கேட்டார். நீ வேண்டாம் என்றிருக்கலாம்.

அங்கே அவன் தலைமாட்டில் ஒரு நர்ஸ் அசையாமல் நின்றாள். திரையில் நம்பர் ஓடியது. எது குறைந்தாலும் கத்திச் சொல்ல மெஷின் இருந்தது. இங்கே இந்த நீள ஹாலுக்கு இரண்டு நர்ஸ். வருகிறார்கள், பிரஷர் பார்க்கிறார்கள், போய்விடுகிறார்கள். நேற்று வரை அவ்வளவு காவல் தேவைப்பட்டவனுக்கு இன்று ஒன்றுமே வேண்டாமா? அவன் தூங்கும்போது மூச்சு வருகிறதா என்று மூக்கின் கீழே விரலை வைத்துப் பார்த்தேன். கண்ணைத் திறந்து, "மீன் நாத்தம் அடிக்குது, கையக் கழுவிட்டு வா" என்றான்.

எதிர் மருந்துக்கடையில் விரலில் மாட்டும் கிளிப் வாங்கியிருக்கிறேன். உடம்பில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று நம்பர் காட்டும். அதைக் கழற்றாதே. குளிக்க வைத்தாலும் கழற்றாதே.

ரோசிலி

&nbsp;

ஜூன் 11, புதன்

ரோசிலி சேச்சிக்கு,

கழற்றிவிட்டேன். வலது கை ஆள்காட்டி விரலில் அதை மாட்டிவைத்தால் மனிதர் எப்படிக் கரண்டி பிடிப்பார்? அவராகவே சாப்பிடப் பழக வேண்டும் என்று டாக்டர் சொன்னது உங்களுக்கும் கேட்டிருக்கும். நர்ஸ் நேரத்துக்கு வந்து பார்க்கிறார், அது போதும். கிளிப் உங்கள் பையில் இருக்கிறது.

அப்புறம் பிரார்த்தனைக் கூட்டத்துக்காரர்கள். ஐசியூவில் இருந்தவரை ஒருவரும் உள்ளே வர முடியவில்லை அல்லவா, அந்தக் கடனை எல்லாம் நேற்றுச் சேர்த்துத் தீர்த்தார்கள். பாஸ் இல்லாமல் லேப் பக்கத்துப் படிக்கட்டு வழியாக ஏறி வந்திருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு பை ஆரஞ்சு. கட்டிலைச் சுற்றி நின்று, "ஐயோ, ஆளு பாதியாயிட்டாரே" என்று அவர் முகத்துக்கு நேராகவே சொல்கிறார்கள். இவர்களுக்கு எந்த மாடி, எந்தக் கட்டில் என்று சொன்னது யார் என்று எனக்குத் தெரியும். தயவுசெய்து இனிமேல் சொல்லாதீர்கள், சேச்சி.

எனக்கும் பயம் இல்லை என்று நினைக்காதீர்கள். வார்டு ஸ்பீக்கர் கரகரத்தாலே "டேவிஸின் ஆள்" என்று கூப்பிடப்போகிறார்கள் என்று எழுந்து நின்றுவிடுகிறேன். காலையில் அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நீங்க பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?" என்று கேட்டார். பாத்ரூமில் போய் அழுதுவிட்டு வந்து கஞ்சி ஊட்டினேன்.

லின்சி

&nbsp;

ஜூன் 12, வியாழன்

லின்சிக்கு,

புகழ் எழுதவும் நேரமில்லை. நீ கழற்றிய கிளிப்பை நான் மறுபடி மாட்டினேன். மாட்டியதால்தான் தெரிந்தது. 82 காட்டியது. நான் போட்ட சத்தத்தில் ஓடி வந்தார்கள். பக்கத்துப் படுக்கைக்காரர்கூட எழுந்து உட்கார்ந்துவிட்டார். இப்போது சரியாகிவிட்டது என்கிறார்கள். சரியாகாமல் போயிருந்தால்? நீ பதில் சொல்வாயா?

நாளைக்கு நான் ஆஸ்பத்திரி டைரக்டர் அச்சனைப் பார்க்கப் போகிறேன். அவர் எங்கள் இடவகைக் கோயிலில் பாதிரியாராக இருந்தவர், நான் கேட்டால் தட்டமாட்டார். டேவியை மறுபடி ஐசியூவுக்கே கொண்டுபோகச் சொல்வேன். உன் தலையாட்டல் இனி வேண்டாம்.

ரோசிலி

&nbsp;

ஜூன் 13, வெள்ளி

ரோசிலி சேச்சிக்கு,

நடந்தது என்ன என்று நர்ஸ் சொன்னார். மழைக் குளிரில் ஜன்னலைத் திறந்துவைத்து, ஈரத்துணியால் அவர் கையைத் துடைத்து, அந்தக் கையிலேயே கிளிப்பை மாட்டியிருக்கிறீர்கள். அதுவும் இத்தனை வருஷம் அடுப்பில் சுட்டுச் சுட்டுத் தோல் காய்த்துப்போன விரலில். இடது கையைத் தேய்த்துச் சூடாக்கி மோதிர விரலில் மாட்டினால் 97. கல்யாண விருந்து சமைக்கிறவனின் விரலை உங்களுக்கா தெரியாது? கொதிக்கிற செம்பு அண்டாவில் விரலை விட்டு உப்புப் பார்க்கிறான் என்று ஊரெல்லாம் பெருமை பேசியது நீங்கள்தான்.

இன்று ஐசியூ நர்ஸ் பிரீதா டியூட்டி முடிந்து மேலே வந்தார். அங்கிருந்து அனுப்பியவர்களை இரண்டு மூன்று நாள் வந்து பார்ப்பது வழக்கமாம். நான் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நிதானமாகப் படியுங்கள். "அங்க மெஷின் பாத்துக்கிச்சு, இங்க யாரு பாப்பாங்கன்னு எல்லா வீட்டுக்காரங்களும் பயப்படுவாங்க. மெஷின் இனி வேண்டாம்னு ஆனதாலதான் எடுத்தோம், சேச்சி. கல்யாணம், விசில்னு பேசறதும் அங்க இருந்தவங்களுக்கு வர்றதுதான். அவரோட வாக்குவாதம் பண்ணாதீங்க. இன்னிக்கு என்ன கிழமை, மழை பெய்யுதா, யாரு வந்தாங்கன்னு பேசிட்டே இருங்க. கண்ணாடி போடுறவர்னா மாட்டி விடுங்க. தெளிஞ்சிடும்." கண்ணாடி வீட்டு அலமாரியில் கிடந்தது, பக்கத்து வீட்டில் சொல்லி எடுத்துவரச் செய்தேன். நம் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. மாட்டியதும் என்னைப் பார்த்து, "என்னடி லின்சி, இப்படி இளைச்சுட்டே?" என்றார்.

அச்சனிடம் போகாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

இன்னொன்று. உங்கள் முறை நாட்களில் நீங்கள் கட்டிலை விட்டு நகர்வதே இல்லை, ஒன்றும் குடிப்பதும் இல்லை என்று பக்கத்துப் படுக்கைக்காரரின் மனைவி சொன்னார். இப்படியே போனால் அடுத்த கட்டில் உங்களுக்குத்தான். கீழே போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தால் என்ன?

லின்சி

&nbsp;

ஜூன் 14, சனி

இயேசுவுக்குப் புகழ்.

லின்சிக்கு,

உன் கடிதத்தைப் படிக்கும் முன்பே அச்சனைப் பார்த்துவிட்டேன். அவர் டாக்டரிடம் சொன்னார். டாக்டருக்கு இஷ்டமில்லை. ஆனாலும், "உங்களுக்கு அவ்வளவு பயமா இருந்தா ஒரு நாள் அங்க வச்சுப் பாக்கலாம்" என்றார். அட்டென்டர் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"எங்க?" என்று டேவி கேட்டான். ஐசியூ என்றேன். என் புடவையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். "அங்க வேண்டாம் சேச்சி. கையக் கட்டிப் போடுவாங்க. நான் கஞ்சி முழுசும் குடிக்கிறேன். உப்பு இல்லன்னு சொல்ல மாட்டேன்" என்றான். குழாயைப் பிடுங்கிவிடக் கூடாது என்று கட்டியிருக்கிறார்கள். அது அவனுக்கு ஞாபகம் இருக்கிறது. சமையல்கூடம், விசில் என்று உளறியவனுக்கு இது மட்டும் தெளிவாக ஞாபகம் இருக்கிறது. எனக்கு உயிரே போய்விட்டது. ஸ்ட்ரெச்சரைத் திருப்பி அனுப்பிவிட்டேன். அட்டென்டர் முணுமுணுத்துக்கொண்டே போனார், போகட்டும்.

டீ குடித்தால் என்ன என்று கேட்டிருக்கிறாய். சொல்கிறேன். எங்களைப் பெற்ற அம்மச்சியையும் இப்படித்தான், நல்லாயிட்டாங்க என்று சொல்லி வார்டுக்கு மாற்றினார்கள். மறுநாள் அம்மச்சி தூங்குகிறார்களே என்று கீழே போய் ஒரு டீ குடித்தேன். திரும்பி வந்தபோது கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தது. நீ திரைக்கு முன்னால் நின்றுகொண்டு, "சேச்சி எங்க போயிருந்தீங்க?" என்று கேட்டாய். அந்தக் கேள்வி தாங்காமல்தான் இந்த இரண்டு வருஷமாக உன் வீட்டுப் படி ஏறவில்லை. வார்டுக்கு மாற்றியாயிற்று என்று நீங்கள் எல்லோரும் சந்தோஷப்படும்போது எனக்கு அந்தத் திரைதான் தெரிகிறது.

ரோசிலி

&nbsp;

ஜூன் 15, ஞாயிறு

ரோசிலி சேச்சிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரிப்பதா அழுவதா சுவரில் முட்டிக்கொள்வதா என்று தெரியவில்லை.

அன்றைக்கு ஸ்பீக்கரில் கூப்பிட்டதும் நான் ஓடி வந்தேன். டாக்டர் விஷயத்தைச் சொன்னார். உடனே உங்களைத் தேடித் திரும்ப ஓடினேன். முன்வாசலில் பார்த்தேன், ஜெபம் பண்ணுகிற சாப்பலில் பார்த்தேன், எங்கும் இல்லை. வேறு யார் வாயாலும் நீங்கள் கேட்கக் கூடாது, நான்தான் கையைப் பிடித்துக்கொண்டு சொல்ல வேண்டும் என்று ஓடினேன். மூச்சிரைக்க மேலே வந்து நின்றபோது நீங்கள் எதிரில் வந்தீர்கள். வாயில் வந்ததைக் கேட்டேன். அவ்வளவுதான் அந்தக் கேள்வி. நான் ஏதோ கோள் மூட்டினேன் என்று யாரோ சொல்லியிருப்பார்கள், வீட்டுப் பங்கில் மனத்தாங்கல் என்று நானே என்னென்னவோ நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவை வந்து சண்டை போட்டிருக்கக் கூடாதா? இரண்டு கிறிஸ்துமஸ் போய்விட்டது. உங்கள் தம்பி இரண்டு தடவையும் உங்கள் வீட்டுக்கென்று கேக் எடுத்துவைத்து, காய்ந்த பிறகு கோழிக்குப் போட்டார்.

நீங்கள் கீழே போனதால் அம்மச்சி போகவில்லை. அந்தக் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாலும் போயிருப்பார்கள். டாக்டர் என்னிடம் சொன்னதும் அதுதான். கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன்.

ஸ்ட்ரெச்சரைத் திருப்பி அனுப்பியதற்கு உங்களுக்கு ஆயுசு நூறு. எழுத்து சில இடத்தில் கலங்கியிருக்கும். மழைச்சாரல் இல்லை.

லின்சி

&nbsp;

ஜூன் 16, திங்கள்

இயேசுவுக்குப் புகழ்.

லின்சி மோளுக்கு,

கேக்கைக் கோழிக்கா போட்டான்? அவனை வீட்டுக்கு வந்த பிறகு கவனித்துக்கொள்கிறேன்.

பாத்ரூம் வரை சுவரைப் பிடித்து நடந்தான். நான் பிடிக்கப் போனால், "தள்ளு சேச்சி, நீ விழுந்தா உன்ன யாரு தூக்கறது" என்கிறான். மத்தியானக் கஞ்சியை ஒரு வாய் வைத்துவிட்டு, இதை வைத்தவனைக் கூட்டிக்கொண்டு வா என்று நர்ஸிடம் சொல்லிவிட்டான். அரிசியைக் கழுவாமல் போட்டிருக்கிறார்களாம். உப்புக்கு வாயே திறக்கமாட்டேன் என்று என்னிடம் சத்தியம் பண்ணியவன்தான். நர்ஸ் சிரித்து மாளவில்லை. சண்டை போடுகிற என் டேவி திரும்பி வந்துவிட்டான்.

கிளிப்பைப் பக்கத்துப் படுக்கைக்காரரின் மனைவி கேட்டாள். கொடுத்துவிட்டேன். கையைச் சூடாக்கிவிட்டு மாட்டச் சொன்னேன்.

நீ எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நம்புகிறேன். ஆனால் டீ விஷயத்தில் மட்டும் வற்புறுத்தாதே. படிக்கட்டு வரை போனேன். கால் இறங்கவில்லை, திரும்பிவிட்டேன்.

ரோசிலி சேச்சி

&nbsp;

ஜூன் 17, செவ்வாய்

அன்புள்ள சேச்சிக்கு,

நாளைக்கு வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இதைப் படிக்கும்போது உங்கள் தம்பி கண்ணாடி மாட்டிக்கொண்டு தலையணையில் சாய்ந்து உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். எதிரே உட்காராதீர்கள். பையையும் கீழே வைக்காதீர்கள்.

மணி அடிக்கிற பட்டன் அவர் கையில் இருக்கிறது. நர்ஸிடம் சொல்லியாயிற்று. அவரிடமும் சொல்லிவிட்டேன். அவர் சொன்னது இது: "ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் என் மூஞ்சியப் பாக்காம இருந்தா எனக்குப் பெரிய உபகாரம். நான் எங்கயும் போயிட மாட்டேன், போய்ட்டு வாங்க." வேண்டுமானால் நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள், இன்னொரு தடவை சொல்வார், கொஞ்சம் திட்டும் சேர்த்து.

நான் கீழே கேன்டீனில் இருக்கிறேன், ஜன்னலோர மேஜை. இரண்டு டீ சொல்லியிருக்கிறேன். இறங்க முடியாவிட்டால் படிக்கட்டில் நின்று கூப்பிடுங்கள், நான் பாதி வழி ஏறி வந்து கையைப் பிடித்துக்கொள்கிறேன். நீங்கள் வரும்வரை நானும் குடிக்கமாட்டேன். ஆறிப்போன டீ எனக்குப் பிடிக்காது, அதையும் மனதில் வைத்துக்கொண்டு வாருங்கள்.

குடித்துவிட்டு இரண்டு பேரும் சேர்ந்தே மேலே போவோம். ஒரே பாஸ்தான். செக்யூரிட்டியிடம் சண்டை போடுவது என் பொறுப்பு.

இதற்குப் பதில் எழுத வேண்டாம், சேச்சி.

உங்கள்
லின்சி