முடக்கத்தானும் மூச்சு வாங்கிய லிஃப்டும்

மருந்துக்கடை மகாராணிக்கு,

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படி. இதில் ஒரு சொல் பொய்யென்றால் என் மிச்சமிருக்கும் ஏழு பல்லும் இன்றே கொட்டட்டும்.

நான் எலும்பு டாக்டரைப் பார்க்கிறவரை என்னோடு பேசுவதில்லை என்று நீ வாயைப் பூட்டி நான்கு நாள் ஆயிற்று. வீடு நிம்மதியாக இருக்கிறது, நன்றி.

"வேலியில மேயறதுக்கு நீங்க என்ன ஆடா?" என்று கேட்டாயே, அந்த முடக்கத்தான் இலையைத்தான் கொதிக்கவைத்துக் குடித்தேன். மறுநாளே முட்டிவலி சொல்லாமல் கொள்ளாமல் ஓடிவிட்டது. நேற்று மூன்று மாடியும் படியிலேயே ஏறினேன். லிஃப்ட் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தது. மேல்வீட்டுத் தையல்காரர், "பெரியவரே, மெதுவா போங்க, நீங்க போற காத்துல என் துணியெல்லாம் பறக்குது" என்று கும்பிட்டார். மிச்சக் கஷாயத்தில் ஒரு கரண்டியை ஆடுகிற நாற்காலியின் காலில் ஊற்றினேன். அன்றிலிருந்து அது ஆடவில்லை. உன் கடை மாத்திரை எதற்காவது இந்தச் சாமர்த்தியம் உண்டா?

சாப்பாடு மூடிவைத்திருக்கிறேன். பச்சையாக இருக்கும் பாத்திரத்தைக் கழுவிவிடாதே, அது மருந்து.

பி.கு.: குழாய் ரிப்பேர்க்காரர் மதியம் வருவார். அவரிடமாவது வாயைத் திற.

இன்னொன்று, இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன்: எலும்பு டாக்டர் பதினொரு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார், என்னைக் கைத்தாங்கலாக வண்டியில் ஏற்ற மகள் வந்திருக்கிறாள்.