அடைப்புப் போட்ட அறையிலிருந்து ஒரு வயர்

என்னைப் பெற்ற அப்பாவுக்கு,

பள்ளிக்கூட வேலை முடிந்து வந்து முகம் கூடக் கழுவாமல் எழுதுகிறேன். களைப்பாக இருக்கிறது. நீங்கள் போய் நாற்பது நாள் தாண்டிவிட்டது. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், ரேஷன் கார்டில் பெயர் நீக்கம் என்று உத்தமபாளையத்தில் நான் நிற்காத வரிசை இல்லை. ஒரு ஆள் போனால் இத்தனை இடத்தில் நிற்க வேண்டும் என்று ஏன் சொல்லாமல் போனீர்கள்?

நீங்கள் போன நாள் அவிட்டம். ஆறு மாதம் அடைப்பு, உயிர் போன அறைக்குள் யாரும் காலடி வைக்கக் கூடாது என்று சோசியர் சொல்லிவிட்டார். உங்களைக் கொண்டுபோன அன்றே அம்மா அறையைப் பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள். உள்ளே இன்டர்நெட்டும் மாட்டிக்கொண்டது அப்புறம்தான் எங்களுக்கு உறைத்தது.

மோடம் ஹாலில் இருக்கட்டும் என்று நான் அப்போதே தலைபாடாக அடித்துக்கொண்டேன். கேபிள் வயரை நேரே உங்கள் ஜன்னல் வழியாக இழுத்து, ஜன்னல் திட்டில் மோடத்தை வைக்கச் சொன்னது நீங்கள்தானே? ஞாயிற்றுக்கிழமை தம்பி கத்தாரிலிருந்து கம்ப்யூட்டரில் முகம் காட்டினால் முக்கால் மணி நேரமும் உங்களுக்கு. கட்டில் ஓரத்தில் ஒண்டியிருக்கும் அம்மாவுக்குக் கடைசியில் ஒரு “சாப்பிட்டியாய்யா?” கிடைக்கும். அதற்குள் நீங்கள் அணைத்துவிடுவீர்கள்.

தம்பி உங்கள் முகத்தைக் கடைசியாகப் பார்க்கவில்லை அப்பா. கம்பெனியில் பாஸ்போர்ட்டைக் கொடுக்கவில்லை. கொள்ளி வைத்தது சித்தப்பா மகன். தினமும் என் பட்டன் போனுக்குக் கூப்பிட்டு “நல்லாருக்கேன்” என்றான். ஒரு சொட்டு அழவில்லை. அம்மாவுக்கு அதுதான் பயம். “கொரல வச்சு என்னத்தக் கண்டேன்? எம்புள்ள மொகத்தப் பாக்கணும்” என்று சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தாள்.

போன சனிக்கிழமை கேபிள்காரர் சிக்கந்தரை வரச் சொன்னேன். “ரெண்டு நிமிசம் கதவத் தொறங்கம்மா, மோடத்த எடுத்துட்டு வந்துர்றேன்” என்றார். அம்மா முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“ஆறு மாசத்துக்குத் தொறக்கக் கூடாதுப்பா. வீட்டுக்கு ஆகாது.”

“புள்ள மொகம் வேணுமா, பூட்டு வேணுமா?” என்று கத்திவிட்டேன். அவர் முன்னாலேயே. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

சிக்கந்தர் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார். “ஜன்னக் கதவு சும்மாதான் சாத்தியிருக்கு. கம்பிக்குள்ள கைய விட்டா மோடம் எட்டும்.”

அம்மா முந்தானை முடிச்சைத் தடவினாள். “வாசலத்தான அடைக்கச் சொன்னாக? ஜன்னலச் சொல்லலியே” என்றாள். இத்தனை நாளில் அன்றைக்குத்தான் எனக்குச் சிரிப்பு வந்தது.

மோடம் பக்கவாட்டில் திரும்பிக் கம்பிக்கு நடுவே வெளியே வந்தது. “வேற எதையும் தொட்டுறாதய்யா, அவுகளுக்குப் பிடிக்காது” என்றாள் அம்மா. நான் அந்த ஜன்னல் பக்கமே திரும்பவில்லை. தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஜன்னலுக்கு வெளியே பழைய வயரை வெட்டி, ஜாயின்டர் போட்டு, புது வயரை சன்ஷேடுக்கு அடியில் கிளிப் அடித்துக்கொண்டே போய், சுவரில் துளை போட்டு ஹாலுக்குள் விட்டார். ஆடிக்காற்றில் ஏணியை நான் பிடித்துக்கொண்டேன். மோடத்தில் ஒரு விளக்கு மட்டும் நிற்காமல் மினுக்கிக்கொண்டே இருந்தது. “ஒட்டுப் போட்டா சிக்னல் கொறையத்தான் செய்யும்க்கா” என்று மறுபடி ஏறி, வயர் முனையைச் சீவி, வேறு கனெக்டர் இறுக்கி, மழைத்தண்ணீர் இறங்காமல் டேப் சுற்றினார். விளக்கு ஒரு நிலைக்கு வந்தது. நீங்கள் இருந்திருந்தால் கீழே நின்று நாலு குறையாவது சொல்லியிருப்பீர்கள்.

மறுநாள் என் லேப்டாப்பில் தம்பி வந்தான். இளைத்துப்போய், தாடியோடு இருந்தான். அம்மா திரையைத் தடவிக்கொண்டு “சாப்பிட்டியாய்யா?” என்று ஆரம்பித்தவள், முக்கால் மணி நேரமும் அவளே பேசினாள். அவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுக் கடைசியில் கேட்டான்: “அக்கா, அப்பா ரூமக் காட்டுறியா?”

அடைப்பு, திறக்கக் கூடாது என்று அவசரமாகச் சொன்னேன்.

“பாக்குறதுக்கு என்னடி அடைப்பு? ஜன்னலுக்குத் தூக்கிட்டுப் போ” என்று அம்மா எழுந்துவிட்டாள்.

மோடத்திலிருந்து லேப்டாப்புக்குச் சிக்கந்தர் நீளமாகவே விட்டுப்போன நெட் வயரை ஹால் ஜன்னல் வழியாக வெளியே கொடுத்து, லேப்டாப்பை உங்கள் ஜன்னலுக்குத் தூக்கிப் போனேன். வயர் விறைத்துக்கொண்டு, மட்டுமட்டாக எட்டியது. திரையை அறைப் பக்கம் திருப்பிக் கம்பியோடு ஒட்டிப் பிடித்தேன். அவன் முகம் எனக்குத் தெரியவில்லை. உங்கள் கட்டில் தெரிந்தது. சுருட்டிய மெத்தை, கொடியில் நீங்கள் போட்ட துண்டு.

“கொஞ்சம் கீழக்கா” என்றான். பிறகு சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன். அப்புறம் அழுதான் அப்பா. “வர முடியலப்பா, வர முடியலப்பா” என்று சின்னப் பிள்ளை போல அழுதான். அந்த அழுகை முழுக்க உங்கள் அறைக்குள் போனது. எனக்குக் கை கடுத்தது, ஆனால் இறக்கவில்லை. அம்மா பின்னால் வந்து என் முழங்கையைத் தாங்கிக்கொண்டாள்.

உங்களுக்குக் கேட்டதா?

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பூட்டு விழுந்தபோது அப்பாடா என்று இருந்தது எனக்குத்தான். வெறும் கட்டிலைப் பார்க்கத் தெம்பில்லாமல், சோசியர் சொன்னதை நான் சாக்காக வைத்துக்கொண்டேன். ஊர்க் காரியம் எல்லாம் ஓடி ஓடிச் செய்தவள், உங்களுக்காக ஒருநாள் உட்கார்ந்து அழவில்லை.

மார்கழியில் அடைப்பு முடிகிறது. அன்றைக்கு முதல் ஆளாக நான் உள்ளே வருவேன். அதுவரை தம்பி கேட்கிற ஞாயிறெல்லாம் அவனை உங்கள் ஜன்னலுக்குத் தூக்கி வருவேன். அவனோடு சேர்ந்து நானும் அழுவேன்.

உங்கள் மூத்த மகள்,
தமிழரசி