கருகின வாசம்

அன்பான பஞ்சவர்ணத்துக்கு, திருப்பூரிலிருந்து உன் வீட்டுக்காரன் எழுதுவது. நீயும் பிள்ளைகளும், என்னைக் கண்டாலே முட்டுகிற அந்தச் செவலை ஆடும் சௌக்கியம்தானே? போனில் பேசினால் என் இருமலைக் கேட்டு ஊரையே கூட்டிவிடுவாய். அதனால்தான் கடிதம்.

போன வாரம் கம்பெனியில் பனியன் தேய்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து டேபிள் சிவராஜ், "ஏனுங்கண்ணா, துணி கருகுது, வாசம் வர்லீங்களா?" என்றான். குனிந்து பார்த்தால் கழுத்துப் பட்டி பழுத்துக் கிடக்கிறது. சூடு கூடினால் மூக்காலேயே கண்டுபிடிக்கிற ஆள் நான். அன்றைக்கு ஒரு வாசமும் தெரியவில்லை. மறுநாள் காய்ச்சல். கொரோனாவாக இருக்கும், ரூமிலேயே இரு என்று சொல்லிவிட்டார்கள்.

இப்போது காய்ச்சல் இல்லை. வீட்டு ஓனர் அம்மா தினமும் வாசலில் ரசத்தை வைத்து, "எடுத்துக்குங்க சாமி" என்று சொல்லிவிட்டு ஓடிவிடுகிறார். குடித்தால் வெந்நீர் மாதிரி இருக்கிறது. நீ வைத்ததோ என்று சந்தேகப்பட்டேன்.

மூக்குதான் இன்னும் திரும்பவில்லை. அது வராமல் அயர்ன் பாக்ஸைத் தொடப் பயமாக இருக்கிறது. தினமும் சோப்பு, சீயக்காய், செருப்பு வரைக்கும் மோந்து பார்க்கிறேன்.

நான் போர்த்திக்கொள்ள நீ கொடுத்துவிட்ட பழைய சேலையை, நோய் ஒட்டியிருக்கும் என்று வெந்நீரில் அலசித் தொலைத்துவிட்டேன். இனி மூக்கு வந்தாலும் அதில் உன் வாசம் இருக்காது. கட்டின சேலை ஒன்றைத் தபாலில் அனுப்பு. துவைத்துவிடாதே.

ரசம் வந்துவிட்டது, முடிக்கிறேன்.

சோலையப்பன்